10 மாதமாகியும் தவழவில்லை, அமர்ந்தபடியே அரக்கிப் போகிறான்: காத்திருக்கலாமா, காட்ட வேண்டுமா?

கேள்வி | களுவாஞ்சிகுடித் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு இந்த வாரத்துடன் 10 மாதம் நிறைவடைகிறது. 34 வாரத்தில் பிறந்த குறைமாதக் குழந்தை; பிறந்த நிறை 1.9 கிலோ. சில நாட்கள் விசேட பராமரிப்புப் பிரிவில் வைத்திருந்துதான் கையில் தந்தார்கள். பிறகு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிப் பார்த்துவிட்டு, இனி ஊர்க் கிளினிக்கிலேயே காட்டினால் போதும் என்றார்கள்.

இப்போது பிடிமானம் இல்லாமல் நன்றாக உட்காருகிறான். சிரிப்பான், ஆட்களை அடையாளம் கண்டுகொள்வான், "மாமா, பாபா" என்று தன்பாட்டில் ஏதேதோ பேசுவான். ஆனால் இன்னும் தவழவில்லை. குப்புறப் போட்டால் அழுகிறான். எங்காவது போக விரும்பினால் உட்கார்ந்தபடியே பின்பக்கத்தால் அரக்கி அரக்கிப் போகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை இவனைவிட இரண்டு மாதம் இளையது. அது தவழ்ந்து வந்து எங்கள் விறாந்தைப் படியில் ஏறிவிட்டது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

ஒவ்வொரு மாதமும் தவறாமல் கிளினிக்குக் கொண்டுபோகிறேன். நிறுத்து, கொப்பியில் பதிந்து, அடுத்த திகதி போட்டுத் தருகிறார்கள். 9 மாத ஊசியும் போட்டாயிற்று. கொப்பியில் விருத்தி பற்றிய பக்கம் மட்டும் பாதிக்கு மேல் வெறுமையாகவே இருக்கிறது. அன்றைக்குச் சனம் கூடவாக இருந்தது. கேட்டதற்கு, "தவழுவான், பொறுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

என் அம்மா, "உன் அண்ணனும் தவழவில்லை, நேரே எழும்பி நடந்தவன்" என்கிறார். கட்டாரில் இருக்கும் என் கணவர் வோக்கர் (பிள்ளையை உள்ளே இருத்தி உருட்டவிடும் சில்லு வண்டி) வாங்கச் சொல்லிக் காசு அனுப்பியிருக்கிறார். நிறை 8 மாதத்தில் 7.7, 9 மாதத்தில் 7.8, இப்போது 7.9 கிலோ. தவழ்வது கட்டாயம் நடக்க வேண்டிய ஒன்றா? குறைமாதம் என்பதால் வயதைக் குறைத்துக் கணக்கிட வேண்டும் என்கிறார்களே, அது எப்படி? நான் நேரே போதனா வைத்தியசாலைக்கே கொண்டுபோகவா?

பதில் 1 | ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், அக்கரைப்பற்று

மகள், முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுவோம். 40 வாரத்தில் பிறக்க வேண்டிய பிள்ளை 34 வாரத்தில் பிறந்திருக்கிறான். அந்த 6 வாரத்தை, அதாவது ஏறக்குறைய ஒன்றரை மாதத்தை, இன்றைய வயதிலிருந்து கழியுங்கள். விருத்தியைப் பார்க்கும்போது உங்கள் மகனுக்கு 10 மாதம் அல்ல, எட்டரை மாதம். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் உண்மையில் ஏறக்குறைய ஒரே வயதினர். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. அது பிறந்த திகதியின்படியே போடப்படும். 9 மாதத்தில் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து ஆகியவற்றுக்கான ஊசி) போட்டது சரி. 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசி இருக்கிறது, அதைக் குறைமாதம் என்று சொல்லித் தள்ளிப்போடாதீர்கள்.

தவழ்வதைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்து 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, பிடிமானமில்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள்ளும், கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதத்துக்குள்ளும், தனியே நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள்ளும் வரலாம். இடைவெளி எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதைப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளுள் 100க்கு நான்கு பேர் அளவில் அப்படித் தவழவே இல்லை, ஆனாலும் நடந்தார்கள். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2022இல் பிள்ளை எந்த வயதில் எதைச் செய்யும் என்ற தன் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதை அதிலிருந்தே எடுத்துவிட்டது. ஆகவே தவழவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நித்திரையைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

அதற்காக "பொறுங்கள்" என்ற சொல்லோடு இதை முடித்துவிடவும் முடியாது. நான் வேலையில் இருந்த காலத்தில் தாய்மார் கிளினிக்கை நிறுவைக்கும் ஊசிக்கும் உரிய இடமாக மட்டுமே எண்ணுவதைக் கண்டிருக்கிறேன்; சனம் கூடிய நாட்களில் எங்களுள் சிலரும் அப்படித்தான் நடத்தினோம் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. கொப்பியின் விருத்திப் பக்கம் தாயும் பார்த்துக் குறிப்பதற்காகவே தரப்பட்டிருக்கிறது. பார்வையும் கேள்விப்புலனும் பற்றிய கேள்விகளும் அதில் உண்டு. பிள்ளை எதை எந்தத் திகதியில் முதன்முதலாகச் செய்தான் என்பதை நீங்களே எழுதி வையுங்கள். அடுத்த தடவை அந்தப் பக்கத்தை விரித்துக் கையில் கொடுத்தால் யாரும் பார்க்காமல் திருப்பித் தர மாட்டார்கள்.

நிறையைப் பற்றி நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. கொப்பியின் வளர்ச்சி வரைபடத்தில் ஒரு புள்ளி எங்கே விழுகிறது என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். இரண்டு மாதத்தில் 200 கிராம் என்றால் இந்த வயதுக்குக் கோடு படுக்கிறது. எத்தனை வேளை, எவ்வளவு தடிப்பாக ஊட்டுகிறீர்கள்? தண்ணீர்க் கஞ்சியால் வயிறுதான் நிரம்பும். சோற்றைப் பருப்போடும் கீரையோடும் மசித்து, ஒரு கரண்டி தேங்காயெண்ணெயோ பட்டரோ சேர்த்து, மீன், முட்டை, ஈரல் என்று நாளுக்கு ஒன்றாவது கொடுங்கள். குறைமாதப் பிள்ளைக்கு இரும்புச்சத்துச் சேமிப்பு பிறக்கும்போதே குறைவு. அதற்கான சொட்டு மருந்து தந்திருந்தால் அதை நிறுத்திவிட்டீர்களா என்று பாருங்கள். வெறுந்தேநீர் ஒரு வாய்கூட வேண்டாம், அது இரும்புச்சத்தை உறிஞ்ச விடாது. இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்திருக்கும், அசைவும் மந்தமாகும்.

இனி நீங்கள் எனக்குச் சில விடயங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளை பசியோ நித்திரையோ இல்லாத நேரத்தில் பாயில் இருத்தி, முகத்தின்மேல் ஒரு மெல்லிய துணியைப் போடுங்கள். எந்தக் கையால் இழுத்து எடுக்கிறான் என்று பாருங்கள். இதை வேறு வேறு நேரங்களில் செய்யுங்கள். விளையாட்டுப் பொருளை நடுவிலும், பிறகு இடப்பக்கமும் வலப்பக்கமும் நீட்டுங்கள். அரக்கிப் போகும்போது இரண்டு காலும் ஒரே மாதிரி வேலை செய்கின்றனவா? அவன் காணாதபடி பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறானா? பாயில் கிடக்கும் சோற்றுப் பருக்கையை விரல்நுனியால் கிள்ளி எடுக்கப் பார்க்கிறானா, முழுக் கையாலும் வாரப் பார்க்கிறானா? தவழ்வதைவிட இவையெல்லாம் எனக்குக் கூடுதலாகச் சொல்லும்.

பதில் 2 | நிந்தவூர் வாப்பா

சகோதரி, என் மூத்த மகளும் இப்படி அரக்கிப் போனவள்தான். ஒரு நாளும் தவழவில்லை. 20 மாதத்தில்தான் தனியே நடந்தாள். இப்போது பாடசாலையில் ஓட்டப் போட்டிக்குப் போகிறாள். என் மனைவியின் தம்பியும் அப்படித்தான் இருந்தாராம் என்று அவளுடைய உம்மம்மா சொன்னார். உட்கார்ந்து அரக்கும் பிள்ளைகள் சற்றுப் பிந்தி நடப்பதும் அது சில குடும்பங்களில் ஓடுவதும் உண்டு என்று வைத்தியரும் சொன்னார். ஆகவே உங்கள் அம்மா அண்ணனைப் பற்றிச் சொல்வது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் பிள்ளையை வைத்தியர் உடுப்பெல்லாம் கழற்றி, தூக்கிப் பிடித்து, இரண்டு காலையும் மடக்கி நீட்டி, இடுப்பு மூட்டைச் சுழற்றிப் பார்த்த பிறகுதான் "இது சும்மா அரக்கல், பயப்பட வேண்டாம்" என்றார். பார்த்த பிறகு சொல்லும் "பொறுங்கள்" வேறு, பார்க்காமலே சொல்லும் "பொறுங்கள்" வேறு.

வோக்கர் வாங்க வேண்டாம் என்று உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். கனடாவில் 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டார்கள். படியில் உருளும், அடுப்பங்கரைக்குள் நுழையும், மேசைச் சீலையை இழுக்கும். நடையைச் சீக்கிரம் கொண்டுவரும் என்பதும் பொய். பிள்ளை நுனிக்காலால் தள்ளிப் பழகுவதால் பிந்தவே செய்யும்.

களுவாஞ்சிகுடித் தாய்

பதில் எழுதிய இருவருக்கும் மிக்க நன்றி. அக்கா சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் உடனே திரும்புகிறான், நிலாவைக் காட்டினால் என் விரலை விட்டு நிலாப் பக்கம் பார்க்கிறான். துணி விடயத்தில்தான் எனக்கு யோசனை. எத்தனை தடவை போட்டாலும் வலக்கையால்தான் எடுக்கிறான். இடப்பக்கம் பொருளை நீட்டினாலும் உடம்பைத் திருப்பி வலக்கையை நீட்டுகிறான். இடக்கை அனேகமாகப் பொத்தியபடியே, பெருவிரல் உள்ளே மடிந்தபடி இருக்கிறது. குளிக்க வார்க்கும்போது அந்தக் கையை விரித்துக் கழுவுவதற்கு நான் கொஞ்சம் பலம் கொடுக்க வேண்டியிருப்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அரக்கும்போது வலக்காலை மடக்கித் தள்ளுகிறான், இடக்கால் நீட்டியபடி கூடவே இழுபட்டு வருகிறது. பருக்கையை வலக்கை விரலால் எடுக்கிறான்.

அவனுடைய அப்பா வலக்கைக்காரர். இவனும் அப்படித்தான் என்று அம்மா சந்தோசப்படுகிறார். இதில் ஏதாவது இருக்கிறதா?

பதில் 3 | இயன்மருத்துவர், மட்டக்களப்பு

தங்கச்சி, நீங்கள் இப்போது எழுதியதோடு கேள்வியே மாறிவிட்டது. தவழ்வதைப் பற்றி மேலே சொன்னவை யாவும் சரி. அதை இனி ஒரு பக்கம் வைத்துவிடலாம். இடக்கையைப் பற்றிப் பேசுவோம்.

வலக்கைக்காரர், இடக்கைக்காரர் என்பது ஒரு வயதுக்கு முன்னர் தெரிவதில்லை. அந்த வயதில் பிள்ளை இரண்டு கைகளையும் ஏறக்குறைய ஒரேயளவு பயன்படுத்த வேண்டும். ஒரு கையையே எப்போதும் நீட்டினால், அந்தக் கை கெட்டிக்காரக் கை என்று எடுத்துக்கொள்ளாமல், மற்றக் கை ஏன் பின்நிற்கிறது என்றுதான் நாங்கள் பார்ப்போம். கையைப் பொத்தி வைத்திருப்பது பிறந்த புதிதில் இயல்பு; மூன்று, நான்கு மாதமளவில் விரல்கள் தாமாகவே விரிந்திருக்க வேண்டும். குறைமாதத்தைக் கழித்து எட்டரை மாதம் என்று கணக்கிட்டாலும் இந்த இரண்டுக்கும் விளக்கம் கிடைக்காது. வயதைக் கழிப்பது பிந்துவதை விளக்கும், ஒரு பக்கம் மட்டும் பின்நிற்பதை விளக்காது. காலிலும் அதே பக்கம் என்பதால், இதை ஒரு வைத்தியர் சீக்கிரம் பார்க்க வேண்டும்.

கைகால் தசை இறுக்கமாக இருக்கலாம். பிறக்கும்போது தோள் நரம்பு இழுபட்டிருக்கலாம், ஆனால் அப்படியானால் கால் பாதிக்கப்படாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு மூளையின் ஒரு பக்கத்தில் ஏற்பட்ட சிறு பாதிப்பு மறுபக்கக் கையிலும் காலிலும் இவ்வாறு தெரிவதும் உண்டு. இவற்றுள் எது என்பதை இங்கே எழுதும் எவராலும் சொல்ல முடியாது. பிள்ளையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் ஸ்கானும் எடுப்பார்கள். அவன் சிரிப்பதும், ஆட்களை அறிவதும், கூப்பிட்டால் திரும்புவதும், காட்டும் பக்கம் பார்ப்பதும் மிக நல்ல அறிகுறிகள் என்பதை அதே அளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், முதல் இரண்டு வருடங்களில் மூளை புது வழிகளைப் பழகிக்கொள்ளும் ஆற்றல் அதிகம். பயன்படுத்தாத கையை மூளை மெல்ல மெல்லக் கணக்கிலிருந்து விட்டுவிடும். பயிற்சியை இப்போது தொடங்கினால் அந்தக் கை விளையாட்டின் ஊடாகவே வேலைக்கு வரும். பெயர் வைத்த நோய் ஒன்று உறுதியாகும்வரை பயிற்சிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. "நடக்கத் தொடங்கட்டும், பிறகு பார்ப்போம்" என்று இரண்டு வயதில் கொண்டுவரப்படும் பிள்ளைகளிடம் நாங்கள் முதல் சில மாதங்களை இறுகிய கணுக்காலைத் தளர்த்துவதிலேயே செலவிடுகிறோம்.

போகும் வழி இதுதான். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இதே வசனங்களைச் சொல்லி, எம்.ஓ.எச். (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) வைத்தியரிடம் கடிதம் வாங்குங்கள். அல்லது அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் காட்டிக் குழந்தை நல கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். "தவழவில்லை" என்று தொடங்கினால் மறுபடியும் "பொறுங்கள்" என்றே பதில் வரும். "இடக்கையைப் பயன்படுத்துவதில்லை, பொத்தியே வைத்திருக்கிறான், அரக்கும்போது இடக்கால் இழுபடுகிறது, 34 வாரத்துப் பிள்ளை" என்று தொடங்குங்கள். அந்த ஒரு வசனம் போதும். கிளினிக் கொப்பியையும் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பிள்ளையின் விபரம் எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்டையும் கொண்டுபோங்கள். புது இடத்தில் பிள்ளை அழுவான், எதையும் செய்து காட்ட மாட்டான். ஆகவே துணி இழுப்பதையும் அரக்குவதையும், முகத்தோடு கைகால் முழுவதும் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் போனில் வீடியோ எடுத்துவையுங்கள். தேவை என்று கண்டால் அவர்களே இயன்மருத்துவத்துக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் (அன்றாட வேலைகளைக் கையால் செய்யப் பழக்கும் சிகிச்சை) அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. தனியாரிடம் அலைந்து காசைச் செலவழித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை.

அதுவரை வீட்டில் சிலவற்றைச் செய்யலாம். நீங்கள் அவனுடைய இடப்பக்கத்தில் இருந்து ஊட்டுங்கள், பேசுங்கள். ஒரு கையால் பிடிக்க முடியாத பெரிய பந்து, சிரட்டை, சிறிய அலுமினியச் சட்டி போன்றவற்றைக் கொடுங்கள். இரண்டு கையும் தேவைப்படும். பொத்திய கையை விரிக்க விரல்களைப் பிடித்து இழுக்க வேண்டாம். மணிக்கட்டை உட்பக்கமாக மெல்ல மடித்தால் விரல்கள் தாமாகத் தளரும். வலக்கையைத் துணியால் கட்டிவைத்தால் இடக்கை வேலை செய்யும் என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஒரு சிகிச்சை உண்டுதான், ஆனால் அதைக் கற்றவர் மேற்பார்வையில் அளவோடு செய்ய வேண்டும், நீங்களாகச் செய்யக் கூடாது. பகலில் ஏணையில் கிடக்கும் நேரத்தைக் குறைத்துப் பாயில் விடுங்கள். குப்புறப் போட்டால் அழுகிறான் என்றால் உங்கள் நெஞ்சின்மேல் குப்புறக் கிடத்துங்கள், முகத்தைப் பார்த்துக்கொண்டே தலையை நிமிர்த்துவான். வோக்கரைப் பற்றி நிந்தவூர்ச் சகோதரர் சொன்னது உங்கள் மகனுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். இறுகும் பக்கத்துக் கால் அதில் இன்னும் நுனியில் நின்றே பழகும்.

பதில் 4 | ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், அக்கரைப்பற்று

இயன்மருத்துவர் சொன்னபடியே செய்யுங்கள் மகள், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். கிழமை நாட்களில் எம்.ஓ.எச். பணிமனை திறந்திருக்கும், கிளினிக் நாளாக இருக்க வேண்டியதில்லை. நிறைக் கோடு படுத்திருப்பதையும் அதே கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள், நிறை குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் திரிபோஷா என்ற சத்துமாவுக்கு உரியவனா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் பிள்ளையை அவரும் பார்ப்பார்தானே. பயிற்சியை அவரும் பார்த்துப் பழக வேண்டும். அண்ணனைப் பற்றி அவர் சொன்னது பொய்யல்ல, அந்தப் பிள்ளைக்கு இரண்டு கையும் ஒரே மாதிரி வேலை செய்ததா என்று மட்டும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

களுவாஞ்சிகுடித் தாய்

அம்மாவிடம் கேட்டேன். அண்ணன் இரண்டு கையாலும் சட்டி பானையெல்லாம் இழுத்துப் போட்டவராம். சொல்லிவிட்டு அவரே பேரனின் இடக்கையை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கே போவோம் என்கிறார். வீடியோ எடுத்துவிட்டேன். வோக்கர் காசை ஒட்டோச் செலவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் கணவர். ஒரேயொரு சந்தேகம்: வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அந்த டயக்னோசிஸ் கார்ட் நனைந்து எழுத்தெல்லாம் கலைந்துவிட்டது. கிளினிக் கொப்பி மட்டும் தப்பியது. அது இல்லாமல் எடுப்பார்களா?

பதில் 5 | இயன்மருத்துவர், மட்டக்களப்பு

எடுப்பார்கள். கார்ட் இல்லை என்பதற்காகப் பயணத்தைப் பிற்போட வேண்டாம். பிறந்த வாரக் கணக்கும் நிறையும் கிளினிக் கொப்பியின் முன்பக்கங்களில் பதிந்திருக்கும், முதல் நாளுக்கு அது போதும். பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியின் பதிவறையில் தாயின் பெயர், அனுமதித்த திகதி, விடுதி (வார்ட்) இலக்கம் ஆகியவற்றைச் சொல்லி விண்ணப்பித்தால் பழைய கோப்பைத் தேடிப் பிரதி எடுத்துத் தர முடியும். அதைப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம். கலைந்துபோன கார்டையும் எறியாமல் கொண்டுபோங்கள், இலக்கம் தெரிந்தாலே தேடுவது இலகு.